கறுப்புப் புகையில் என் பங்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் என் பெயரில் மூன்று பட்டறைகள் இருக்கின்றன. மூன்றும் நான் எழுப்பியவை. முதல் பட்டறைக்குக் கூரை கிடையாது. இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்து, அதன் மேல் கிழிந்த தார்ப்பாய். மழை வந்தால் லேத்துக்கு நான் குடை பிடிப்பேன், எனக்கு என் மனைவி குடை பிடிப்பாள். அப்படி ஆரம்பித்தது. திருமுல்லைவாயலில் மாடி வீடு. அஸ்திவாரத்துக்குக் கடப்பாரை போட்டதே நான்தான், கொத்தனார் பிறகுதான் வந்தார். வேலப்பன்சாவடியில் கல்யாண மண்டபம். எங்கள் தெருவுக்குத் தார் ரோடு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், எல்லாம் நான் ஆபீஸ் ஆபீசாக அலைந்து கொண்டுவந்தவை. இத்தனையும் எட்டாம் வகுப்பு தாண்டாத ஒருவன் செய்தது. கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவன் செய்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. இரண்டு பேர் காலை வாரிவிட்டார்கள், அவர்களையும் தாண்டித்தான் செய்தேன்.

மண்டபத்து வாசல் கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கிறது. சுற்றுச்சுவரில் முதலில் போடாமல் விட்டார்கள், சண்டை போட்டுப் போட வைத்தேன். நான் செய்ததற்கு என் பெயர் இருந்தாக வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். சிலர் இதைத் தற்பெருமை என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேரனுக்கு ரயில் பைத்தியம். எந்த எஞ்சின் எங்கே ஓடுகிறது, எப்போது ஓடியது என்பதையெல்லாம் அவனைப் போன்றவர்கள் கூடிப் போனில் பேசிக்கொள்கிறார்கள், பழைய படங்களைப் போடுகிறார்கள். போன மாதம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நீராவி எஞ்சின் ஒன்று வளைவில் திரும்பி வருகிறது. தலைக்கு மேல் கறுப்புப் புகை, பனைமரங்களை மறைத்துக்கொண்டு, வானத்தில் பாதியை எடுத்துக்கொண்டு நிற்கிறது. படத்துக்குக் கீழே எஞ்சின் நம்பர், அண்ணனூர் என்று ஊர்ப்பெயர், படம் எடுத்த வெள்ளைக்காரரின் பெயர். அதற்கும் கீழே உலகத்து மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். பேரன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். "இன்னா புகைன்னு எழுதிகீறாங்க தாத்தா. எல்லாரும் புகையத்தான் சொல்றாங்க."

நான் நம்பரை ஒருமுறை பார்த்தேன். பிறகு எஞ்சினின் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே யாரோ ஒருவர் தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறார். முகம் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் புகை நான் போட வைத்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இன்றைக்கு மின்சார ரயில் பெட்டிகளை நிறுத்திக் கழுவுகிற ஷெட் இருக்கிறதே, அந்தப் பக்கமெல்லாம் அன்றைக்கு வயலும் ஏரிக்கரையும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. என் தகப்பனாரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா எங்கள் தெருவிலிருந்து கழனி வேலையை விட்டு ரயில் வேலைக்குப் போன முதல் ஆள். கரி கொட்டுகிற கூலியாகச் சேர்ந்து, எஞ்சின் துடைத்து, பிறகு ஃபயர்மேன் ஆனார். எஞ்சினில் டிரைவர் ஓட்டுவார், நைனா நெருப்புப் பெட்டிக்குச் சவலால் கரி அள்ளிப் போட்டு ஆவியைக் காப்பாற்றுவார். அரக்கோணம் போகிற கூட்ஸ் வண்டி அவருடையது. காலை ஒன்பது மணி சுமாருக்கு எங்கள் ஊரைத் தாண்டும். தாண்டும்போது ஒரு நீள விசில், ஒரு குட்டை விசில். நீளம் ஊருக்கு, குட்டை எங்கள் வீட்டுக்கு என்று அம்மா சொல்வாள்.

எனக்கு எஞ்சின் நம்பர் சேர்க்கிற பழக்கம் இருந்தது. இன்று பேரன் போனில் செய்வதை நான் அன்று சுவரில் செய்தேன். அடுப்புக்கரியால் வீட்டின் உள்சுவர் முழுக்க நம்பர். பொங்கலுக்கு அம்மா வெள்ளையடித்து அழிப்பாள், மறுநாளே ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிவிடுவேன். எனக்கு எண் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடமில்லை, எஞ்சின்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் சத்தத்தை வைத்து எந்த எஞ்சின் என்று சொல்வேன். தெருவில் ஒரு பயலும் அதில் என்னை ஜெயித்ததில்லை.

அந்த வருஷம் கார்த்திகை போனபிறகு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒடிசலான ஆள், வயது முப்பதுக்குள்தான் இருக்கும், முதுகில் பை, கழுத்தில் கேமரா. நீராவி எஞ்சின்களைப் படம் எடுப்பதற்காகவே கப்பலேறி வந்தவர் என்று ரயில்வே கேட்கீப்பர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். என்னைப் போல இன்னொருவன் உலகத்தில் இருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நம்பரைச் சொல்ல மாட்டேன், மண்ணில் எழுதிக் காட்டுவேன். அவர் தன் நோட்டைத் திறந்து அதே நம்பரைக் காட்டுவார். நாக்கில் தொட்டு எழுதினால் கத்திரிப்பூ நிறத்தில் எழுதுகிற பென்சில் அவரிடம் இருந்தது. நாளெல்லாம் எழுதி எழுதி அவர் நாக்கே கத்திரிப்பூ நிறமாக இருக்கும். அடுத்து எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து, எத்தனை நேரத்தில் என்பதையெல்லாம் நான்தான் அவருக்குக் கை ஜாடையில் சொன்னேன். நான் இல்லாவிட்டால் அவர் பாதி வண்டியைத் தவறவிட்டிருப்பார்.

முதல் நாள் நைனாவின் கூட்ஸ் வந்தது. நான் குதித்துக் குதித்துக் காட்டினேன். வெள்ளைக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். படம் எடுக்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. என்னோடு நின்ற என் சித்தப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், விடுவானா? "இன்னாடா, உங்க நைனா வண்டிய பாத்துட்டு தொர பொட்டிய மூடிக்கினாரு? அவ்ளோ அசிங்கமாவா கீது?" என்றான். தெருவில் போய் எல்லோரிடமும் சொல்லியும் விட்டான்.

நான் வெள்ளைக்காரரின் கையைப் பிடித்து இழுத்து ஏன் என்று ஜாடையில் கேட்டேன். அவருக்குப் புரிந்தது. நோட்டில் ஓர் எஞ்சின் வரைந்தார். அதன் புகைபோக்கிக்கு மேலே ஒன்றும் வரையாமல் உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் இன்னோர் எஞ்சின் வரைந்து, அதன் மேல் பெரிய மேகம்போலப் புகையைக் கிறுக்கினார், காகிதம் பொத்தலாகிற அளவுக்கு. அதைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

சங்கதி இவ்வளவுதான். நைனாவின் எஞ்சினில் புகை வருவதில்லை. மற்றவர்கள் வண்டி கறுப்பாகக் கக்கிக்கொண்டு வரும். நைனாவின் வண்டிக்கு மேல் ஊதுவத்தி ஏற்றியது போலச் சாம்பல் நிறத்தில் ஓர் இழை ஓடும், அவ்வளவே. நான் அதை அவருடைய குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்ததும் கேட்டேன். நைனா, நாளைக்குப் புகை போடு.

அவர் சிரித்துவிட்டார். "புகை போடறது இன்னாடா பெரிய வித்தையா? தூள் கரிய நாலு சவலு சேர்ந்தாப்புல கொட்டி கதவ சாத்துனா எந்த வண்டியும் புகை உடும். உடாம ஓட்டறான் பாரு, அவன்தான் ஃபயர்மேன்."

"தொர போட்டோ புடிக்கணுமே நைனா."

"புடிக்காட்டி போறாரு. போட்டோ புடிக்கலைன்னா என் வண்டி அரக்கோணம் போவாதா?" என்றார். பிறகு தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "மேல கறுப்பா போவுதே, அது கரி இல்லடா. அள்ளிப் போட்ட கையி. வேவாம வீணா போவுது."

எனக்கு அது காதில் ஏறவில்லை. அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் நைனாவின் வண்டி சுத்தமாக வந்தது, மறுநாளும் வெள்ளைக்காரர் கேமராவை இறக்கினார், மறுநாளும் நான் சாப்பிடவில்லை. நாளைக்கு ஒரு நாள்தான் அவர் இருப்பார் என்று கேட்கீப்பர் சொல்லியிருந்தார். நைனாவின் வண்டி படத்தில் ஏறாமல் அவர் கப்பலேறிவிட்டால் என் மானம் என்ன ஆவது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் பேசினாள். "புள்ள ரெண்டு நாளா ஒழுங்கா துன்னல. ஒரு நாளு புகை உட்டா கொறஞ்சா பூடுவ? டிரைவரு ஆவப் போறவரு, புள்ள ஆசைய கேக்கக்கூடாதா?"

டிரைவர் ஆகப்போகிறவர் என்று அம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. நைனாவுக்கு டிரைவர் பரீட்சைக்கு ஓலை வந்திருந்தது. இரண்டு வாரத்தில் போக வேண்டும். எங்கள் தெருவிலிருந்து ஒருவர் டிரைவர் ஆவது என்பது அன்றைக்குச் சின்ன காரியமில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் அப்போதே அம்மாவை டிரைவரம்மா என்று கேலி பாதி, மரியாதை பாதியாகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

நைனா துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அந்த தொர எங்கடா நிப்பாரு?"

"வளைவுல நைனா. பனமரத்தாண்ட."

"நீ சிக்னல் கம்பத்தாண்ட நில்லு. அந்த தொரய தவிர வேற ஆளு இல்லன்னா சட்டைய கயட்டி சுத்து. வேற எவனாவது கீறான்னா சுத்தாத. புரிதா?"

"வேற யாரு நைனா இருப்பாங்க?"

"யாரா இருந்தாலும். சுத்தலைன்னா புகை கெடையாது. அப்பறம் அழுவாத."

நான் தலையை ஆட்டினேன். நைனா கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். புகை விடாதவர் புகை விடுவதை நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவர் பயப்படுவதாக எனக்குள் ஒரு கணக்கு.

எட்டரைக்கே போய் நின்றேன். வெள்ளைக்காரர் பனைமரத்தடியில் காலை அகட்டி நின்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வானத்தைக் காட்டினேன், இரண்டு கையாலும் பெரிய மேகம் ஒன்று போட்டுக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தினார். பையிலிருந்து புதிதாக ஒரு கத்திரிப்பூப் பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். அது என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த முதல் பென்சில்.

அப்போதுதான் இன்னொருவரைப் பார்த்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம், நாவல்மர நிழலில், குடையை மடக்கிப் பக்கத்தில் சாத்திவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பேண்ட், பாலிஷ் போட்ட பூட்ஸ், தலைமயிர் படியச் சீவிய நம் ஊர்க்காரர். ஒரு பாசஞ்சர் வண்டி கடந்தது. அவர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மடியிலிருந்த நோட்டில் நம்பரை எழுதினார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு நாளைக்கு முன்வரை எஞ்சின் நம்பர் எழுதுகிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று இருந்தேன். இப்போது பார்த்தால் மூன்று பேர். நேராக அவரிடம் போனேன்.

"சார், நீங்களும் நம்பர் எழுதுவீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "ஆமாம்பா. நீயும் எழுதுவியா?"

"செவுத்துல எழுதுவேன் சார். இப்பதான் பென்சிலு கெடச்சிது." பென்சிலைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்து நல்ல பென்சில் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மரியாதையான மனிதர். அதனால்தான் மிச்சத்தையும் சொன்னேன்.

"அடுத்து வர்றது எங்க நைனா வண்டி சார். கூட்ஸு. இன்னிக்கி புகைய பாருங்க, மெட்ராஸ்ல கீறவனுக்குக்கூட தெரியும்."

"அதெப்படி இப்பவே சொல்றே?"

"நாந்தான் போடச் சொன்னேன் சார். நான் சட்டைய சுத்துனா போடுவாரு."

அவர் பனைமரத்தடியில் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். "தம்பி, நீ வீட்டுக்குப் போயேன். வெயில்ல நிக்காதே" என்றார்.

வெயிலே இன்னும் ஏறவில்லை. நல்ல இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எஞ்சின் பிரியர்களுக்குள் அந்தப் பொறாமை உண்டு, எனக்கே உண்டு. சிரித்துக்கொண்டே சிக்னல் கம்பத்துக்கு ஓடினேன்.

ஓடும்போது நைனா சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. வேற எவனாவது கீறான்னா சுத்தாத. நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பதினொரு வயதிலும் நான் யோசித்துத்தான் எதையும் செய்வேன். நைனா சொன்னது வெளியாட்களை. இவர் வெளியாள் இல்லை, நம்பர் எழுதுகிறவர், நம்ம ஆள். அப்படித்தான் முடிவு கட்டினேன். அந்த முடிவு என்னுடையது.

சிக்னல் இறங்கியது. தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. அம்பத்தூர்ப் பக்கமிருந்து எஞ்சின் முகம் தெரிந்தது, தலைக்கு மேல் வழக்கம்போல ஓர் இழை. ஜன்னலில் வெள்ளைத் துண்டு. நான் சட்டையைக் கழற்றி, கை வலிக்கிற மட்டும் தலைக்கு மேல் சுற்றினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த இழை தடித்தது, பழுப்பாயிற்று, கறுத்தது. புகைபோக்கியிலிருந்து ஏதோ உயிர் உள்ளது எழுந்திருப்பது போல எழுந்தது. மேலே போய்ச் சுருண்டது, விரிந்தது, பனைமரங்களைத் தின்றது. காலை வெயில் மங்கி வயல் முழுக்க நிழல் ஓடிற்று. ஏரியில் நின்ற கொக்குகள் கிளம்பின. எஞ்சின் என்னைத் தாண்டும்போது கரி படிந்த முகத்தில் நைனாவின் பல் மட்டும் தெரிந்தது. சவலைத் தூக்கி எனக்குக் காட்டினார். நீள விசில், குட்டை விசில்.

வெள்ளைக்காரர் படம் எடுத்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நாவல்மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். குடைக்காரர் கைக்கடிகாரத்தையும் புகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துளிப் புகை கலைகிறவரைக்கும் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். என் நைனாவின் வண்டியை அவ்வளவு நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அரக்கோணம் போன நைனா அன்று சாயங்காலம் வந்தார். சோறு போட்டு உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற யாரும் இல்லியே?"

"ஒருத்தரு இருந்தாரு நைனா. ஆனா அவரு நம்மள மாதிரி. நம்பர் எழுதறவரு."

நைனாவின் கை தட்டிலேயே நின்றது. "கொட வெச்சிருந்தாரா?"

"ஆமா."

"வாட்ச்சு பாத்தாரா?"

"ஆமா நைனா! புகை அடங்கற வரிக்கும் பாத்துகினே இருந்தாரு. உன் வண்டி நம்பரயும் எழுதிக்கினாரு. நாந்தான் சொன்னேன், எங்க நைனா வண்டின்னு."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். நைனா அவளை நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போட்டோ நல்லா வந்துச்சாமா?"

"தொர எனக்கு கை குடுத்தாரு நைனா."

"சரி," என்றார். "துன்னு."

நாலைந்து நாள் கழித்து நைனாவுக்கு ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பகலில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். "டேய், அந்த பென்சில கொஞ்சம் குடு," என்று கேட்டார். எனக்குக் கொடுக்க மனமில்லை. மொன ஒடைக்காத நைனா என்று எச்சரித்துத்தான் கொடுத்தேன். அதிகம் எழுதப் பழகாத கை. நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார். நாலு வரிக்கு ஒரு காலைப் பொழுது ஆயிற்று. எழுதி முடித்துப் பென்சிலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அவர் உதட்டில் கத்திரிப்பூ நிறம் ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரர் மாதிரி கீற நைனா என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் டிரைவர் பரீட்சைக்குப் போகவில்லை. கூட்ஸிலிருந்தும் இறக்கினார்கள். யார்டில் பெட்டிகளைக் கோத்து விடுகிற எஞ்சினில் போட்டார்கள். காலை ஒன்பது மணி வண்டியில் வேறு யாரோ கரி போட்டுக்கொண்டு போனார்கள், விசில் ஊருக்கு மட்டும் வந்தது. அம்மாவை டிரைவரம்மா என்று கூப்பிடுவது நின்றது. சித்தப்பா மகன் சும்மா இருப்பானா? "உங்க நைனா இப்ப எங்கடா போறாரு? முன்னால பத்தடி, பின்னால பத்தடியா?" என்று தெருவில் வைத்துக் கேட்டான். நான் அவனை அடித்தேன். ஆனால் உள்ளுக்குள் அவன் சொன்னது சரி என்றுதான் இருந்தது. நைனாவுக்குச் சாமர்த்தியம் போதாது, அதனால்தான் இறக்கிவிட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு அம்மா வெள்ளையடித்த சுவரில் நான் திரும்ப நம்பர் எழுதவில்லை.

பதினாலு வயதில் லேத்துப் பட்டறைக்குப் போனேன். நைனாவைப் போல நடுவழியில் இறக்கிவிடப்பட்டவனாக நான் ஆகக்கூடாது என்ற ஒரு வைராக்கியம்தான் என்னை ஓட்டியது. அதை நான் மறைத்ததும் இல்லை. மண்டபத் திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் முன்னுக்கு வந்தவர் ஒருவரும் இல்லை, நானே என் கையால் வந்தேன் என்று பேசினேன். நைனா முன்வரிசையில் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரையும்விட முதலில் கை தட்டியவர் அவர்தான்.

வளர்ந்தபிறகாவது யோசித்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். யோசிக்கவில்லை. திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை என்பதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

நைனா போனபிறகு அம்மாவின் பென்ஷனுக்காக ரயில்வே ஆபீசுக்கு அலைந்தேன். நைனாவின் வேலைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, நல்ல ரெக்கார்டு சார், இந்த ஒரு கரும்புள்ளிதான் என்றார். என்னவென்று கேட்டேன். படித்துத் தமிழில் சொன்னார். அண்ணனூர் அருகில் கறுப்புப் புகை, கரி வீண், கவனக்குறைவு. அதைக் கண்டுபிடித்தவர், கரிச் செலவைக் கண்காணிக்க ஊர் ஊராக வயலில் மறைந்து உட்காரும் இன்ஸ்பெக்டர். அதனால்தான் பரீட்சை போயிற்று, அதனால்தான் யார்டு.

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தெரியும். நானே என் வாயால் சொன்னேன். பையன் சட்டையைச் சுற்றினான், தகப்பன் வேண்டுமென்றே புகை போட்டான் என்று அவர் எழுதியிருந்தால் நைனாவுக்கு வேலையே இருந்திருக்காது. கவனக்குறைவு என்று எழுதி நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குப் போ தம்பி என்று அவர் சொன்னதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பக்கத்தோடு ஒரு காகிதம் தைத்திருந்தது. நைனா கொடுத்த விளக்கம். குமாஸ்தா அதைப் படித்துக் காட்ட வந்தார். நான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். கத்திரிப்பூ நிறம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மங்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கரி போட்டது நான். தப்பு என்னுடையது. டிரைவருக்குத் தெரியாது. இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

என் பென்சிலை வாங்கி, என் எதிரில் உட்கார்ந்து, அந்தத் தப்பிலிருந்து என்னைத்தான் அவர் அழித்துக்கொண்டிருந்தார். நான் மொனை உடையக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றுகிறது. அதற்குக் கீழே எஞ்சின் நம்பர் இருக்கிறது, படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது. அங்கே என் பேர் வேண்டாம். அங்கே நெருப்புப் போட்டவர் பேரைப் போடச் சொல்லிப் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். வாழ்நாள் முழுக்க சுத்தமாக ஓட்டியவர், ஒரு நாள் மட்டும் புகை விட்டார் என்றும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

என் பேர் வர வேண்டிய இடம் அந்தப் பதிவேடு. எங்கே என்ன மனு கொடுக்க வேண்டுமோ கொடுக்கிறேன். சுற்றுச்சுவருக்கே சண்டை போட்டவன், இதை விட மாட்டேன். வேறு யாருக்கும் பங்கு இல்லை என்று என் நைனா எழுதிக் கொடுத்தது பொய். சிக்னல் கம்பத்தடியில் நின்று, வேறு ஆள் இருப்பது தெரிந்தே சட்டையைச் சுற்றியவன் நான். அந்தக் கரும்புள்ளியை அவர் பேரிலிருந்து எடுத்து என் பேரில் எழுதுங்கள்.